எண்ணிக்கையிலிருந்து உரிமைக்கு

மக்கட்பேறு பற்றி அரசுகள் திட்டம் வகுக்கத் தொடங்கியபோது, பெண் பெரும்பாலும் ஓர் எண்ணாகவே கருதப்பட்டாள். மலாயாவும் இதற்கு விலக்கன்று. 1953இல் சிலாங்கூரில் தன்னார்வலர்கள் குடும்பத் திட்டச் சங்கம் கண்டனர். 1966இல் அரசே சட்டம் இயற்றி வாரியம் நிறுவியது. நூற்றுக்கு 3 என்றிருந்த ஆண்டுப் பெருக்கத்தை இருபது ஆண்டுகளில் 2 ஆகக் குறைப்பது நோக்கம். ஆனால் 1984இல், மக்கள்தொகை 7 கோடியாக உயர வேண்டும் என்ற கொள்கை வந்தது. முன்னது குறைக்கச் சொன்னது. பின்னது பெருக்கச் சொன்னது. பிள்ளை பெறுபவளின் விருப்பத்துக்கு இரண்டிலும் முதலிடம் இல்லை.

இந்நோக்கை மாற்ற முனைந்தோருள் கோலாலம்பூர்ப் பெண்களுக்கும் பங்குண்டு. 1993இல் ரீத்தா ராஜ், ரஷீதா அப்துல்லா ஆகிய இருவரும் ‘ஏரோ’ என்னும் ஆசிய பசிபிக் மகளிர் ஆய்வு மையத்தை நிறுவினர். பின்னாளில் இதன் அலுவலகம், தமிழர் நெடுங்காலமாக வாழும் பிரிக்பீல்ட்ஸில் அமைந்தது. 1994இல் கெய்ரோ மாநாட்டில் 179 நாடுகள் ஒரு செயல்திட்டத்தை ஏற்றன. எத்தனை பிள்ளைகள், எப்போது, எவ்வளவு இடைவெளியில் என்பதை முடிவு செய்வது தம்பதியர், தனிமனிதர் உரிமை என்று அது கூறியது.

ஏற்பது எளிது, நிறைவேற்றுவது அரிது. ஏரோவின் நிர்வாக இயக்குநராகப் பல்லாண்டு பணியாற்றிய சிவானந்தி தனேந்திரனின் பணி இங்கேதான் சிறப்புறுகிறது. கெய்ரோவுக்குப் பின் பதினைந்து ஆண்டுகளில் ஆசிய நாடுகள் 12 எவ்வளவு நிறைவேற்றின என்பதை ஆராய்ந்து, 2009இல் சாய் ஜோதிர்மயி ரச்செர்லாவுடன் ஓர் அறிக்கை எழுதினார். அதுவரை அரசுகள் பெண்களை எண்ணின. இவ்வறிக்கையோ அரசுகளின் வாக்குறுதிகளை எண்ணிப் பார்த்தது. கொள்கைப் பரிந்துரையாளர் செய்யத்தக்க பணி இதுவே.

அப்பணியின் தேவைக்கு மலேசியச் சட்டமே சான்று. தண்டனைச் சட்டத்தின் 312ஆம் பிரிவு 1989இல் திருத்தப்பட்டது. கர்ப்பம் தொடர்வதால் தாயின் உயிருக்கோ உடல், மன நலத்துக்கோ கூடுதல் தீங்கு நேருமெனப் பதிவுபெற்ற மருத்துவர் நன்னம்பிக்கையுடன் கருதினால், கருவைக் கலைக்கலாம். ஆயினும் மருத்துவத் துறையினர் பலரே இவ்விலக்கை அறியாதிருந்தனர். அவர்களே அறியாதபோது, கிள்ளானில் உள்ள ஓர் ஏழைத் தொழிலாளி எங்ஙனம் அறிவாள்? இவ்வறியாமையைப் போக்கவே 2007இல் மலேசியாவில் இனப்பெருக்க உரிமைக் கூட்டணியொன்றும் தோன்றியது.

சட்டம் ஏட்டில் இருப்பது முதற்படி. அது பெண்ணின் செவிக்கு எட்டும்வரை உரிமை முழுமையாகாது.