மரச்சட்டத்திலிருந்து சங்கச் சட்டத்துக்கு: அமெரிக்கக் குவில்ட் சங்கங்களின் வரலாறு

ஒட்டுத்துணிப் போர்வை தைப்பவர்கள் சந்தா கட்டிச் சேர்ந்து, தேர்தல் வைத்து, மாதந்தோறும் கூடும் தன்னார்வ அமைப்புதான் அமெரிக்க ஊர்களில் இயங்கும் குவில்ட் சங்கம். குவில்ட்டுக்கு மூன்று அடுக்கு: பல நிறத் துண்டுகளை இணைத்த மேல்துணி, நடுவில் பஞ்சு, அடியில் முழுத்துணி. மூன்றையும் ஒன்றாகப் பிடித்து நிறுத்தும் நுண்தையலே அந்த வேலைக்குப் பெயர் தந்தது. இச்சங்கங்கள் தங்களை ‘கில்டு’ என்று அழைத்துக்கொள்கின்றன. இடைக்கால ஐரோப்பாவில் கில்டு என்பது கைவினைஞர் குழு. யார் தொழில் செய்யலாம், எத்தனை ஆண்டு பயிற்சி பெற வேண்டும், சரக்கு எந்தத் தரத்தில் இருக்க வேண்டும் என்பதையெல்லாம் அது கட்டுப்படுத்தியது. குவில்ட் சங்கத்துக்கு அந்த அதிகாரம் எதுவும் கிடையாது. ஊசியில் நூல் கோக்கத் தெரியாதவரும் சந்தா கட்டினால் உறுப்பினர்தான். சேராதவர் தைப்பதைத் தடுக்கவும் வழியில்லை. பெயர் ஐரோப்பாவிலிருந்து வந்தாலும் நிர்வாக முறை வேறு மூன்று இடங்களிலிருந்து வந்தது: 19ஆம் நூற்றாண்டின் கூட்டுத் தையல், தேவாலய மாதர் சங்கம், 20ஆம் நூற்றாண்டின் வரிச் சட்டம்.

மரச்சட்டத்தைச் சுற்றி

கிராமப்புற அமெரிக்காவில் மேல்துணியைப் பெண்கள் பெரும்பாலும் தனியாகவே, கிடைத்த நேரத்தில் தைத்துச் சேர்த்தார்கள். மூன்று அடுக்கையும் இணைக்கும் வேலைக்குத்தான் பல கைகள் தேவைப்பட்டன. துணியைக் கட்டில் அகல மரச்சட்டத்தில் இழுத்துக் கட்டி, அக்கம்பக்கத்துப் பெண்களை அழைப்பார்கள். ‘குவில்டிங் பீ’ என்பது இந்தக் கூட்டுத் தையலின் பெயர். சட்டத்தின் பக்கங்களில் உட்கார்ந்து விளிம்பிலிருந்து உள்நோக்கித் தைத்துக்கொண்டே வருவார்கள். தைத்து முடிந்த பகுதியைக் கட்டையில் சுருட்டுவார்கள். சிறுவர் சிறுமியர் ஊசிகளில் நூல் கோத்துக் கொடுப்பார்கள். மாலையில் விருந்து நடக்கும், ஆண்களும் வந்து சேர்வார்கள்.

இந்த ஏற்பாட்டுக்குத் தலைவரோ எழுதிய விதியோ தேவைப்படவில்லை. வீட்டுக்காரி வேலையைப் பங்கிட்டாள். பணம் கைமாறவில்லை. இன்று வந்து தைத்தவர் வீட்டுக்கு நாளை போய்த் தைக்க வேண்டும் என்ற கடன் ஒன்றே எல்லாரையும் கட்டியது.

மாதர் சங்கம் கற்றுக்கொடுத்தது

பணம் உள்ளே வந்தபோதுதான் விதிகள் வந்தன. தேவாலயங்களில் இயங்கிய மாதர் உதவிச் சங்கங்கள் ஊழியத்துக்கும் கட்டடத்துக்கும் நிதி திரட்டக் குவில்ட் தைத்து விற்றன. ஒரு சிறு தொகை கொடுப்பவரின் பெயரைத் துணியில் பூத்தையலிட்டுச் சேர்க்கும் ‘கையெழுத்துக் குவில்ட்’ 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பரவலாயிற்று. நூற்றுக்கணக்கானோர் கொடுத்த சில்லறைக்குக் கணக்கு வைக்கப் பொருளாளரும், முடிவுகளைப் பதிவு செய்யச் செயலாளரும் தேவைப்பட்டார்கள்.

சங்கமாகக் கூடி நிதி திரட்டும் பழக்கத்தை அமெரிக்க உள்நாட்டுப் போர் பெரிதாக்கியது. 1861இல் அமைந்த ஐக்கிய அமெரிக்கச் சுகாதார ஆணையத்தின் கீழ், வடமாநிலப் பெண்கள் படைவீரர் மருத்துவமனைகளுக்குப் போர்வைகளும் கட்டுத்துணிகளும் அனுப்பினார்கள். 1863இல் சிகாகோவில் மேரி லிவர்மோரும் ஜேன் ஹோகும் அந்த ஆணையத்துக்காகப் பெரிய நிதிக் கண்காட்சி ஒன்றை நடத்தினார்கள். அதற்குத் தற்காலிக மண்டபம் கட்டும் ஒப்பந்தத்தில் மணமான பெண்களின் கையெழுத்து செல்லாது, கணவர்கள்தான் கையெழுத்திட வேண்டும் என்று கட்டடக்காரர் சொன்னதை லிவர்மோர் பின்னாளில் பதிவு செய்தார். சட்டத்தின் கண்ணில் ஒப்பந்தம் போடும் தகுதியற்றவர்கள், சங்கத்துக்குள் தீர்மானம் போட்டுப் பெருந்தொகையை ஆண்டுவந்தார்கள்.

கூட்டம் நடத்தும் முறையை வகுத்துத் தந்தவர் ஒரு ராணுவப் பொறியாளர். ஹென்றி மார்ட்டின் ராபர்ட் 1863இல் மாசசூசெட்ஸின் நியூ பெட்ஃபோர்டில் ஒரு தேவாலயக் கூட்டத்துக்குத் தலைமை தாங்கினார். எப்படி நடத்துவது என்று தெரியாமல் கூட்டம் குழம்பிப்போனது. அந்த அனுபவத்திலிருந்து பிறந்த விதிநூலை அவர் 1876இல் வெளியிட்டார். முன்மொழிதல், வழிமொழிதல், விவாதம், வாக்கெடுப்பு என்ற வரிசையைச் சாதாரண ஊர்ச் சங்கங்களும் கைக்கொள்ள அந்நூல் வழிசெய்தது. ‘ராபர்ட் விதிகள்’ என்று வழங்கும் அதையே இன்றும் பல குவில்ட் சங்கங்கள் தங்கள் கூட்ட நடைமுறைக்கு அடிப்படையாகக் குறிப்பிடுகின்றன.

சங்கங்கள் பெருகிய காலம்

இரண்டாம் உலகப் போருக்குப் பின் ஆலைப் போர்வைகள் மலிந்து, குவில்ட் தையல் பழங்காலத்து வேலையாகிப் பின்தங்கியது. 1970இல் மேரிலாந்தில் தேசிய குவில்டிங் சங்கம் தொடங்கியது. 1971இல் ஜொனாதன் ஹோல்ஸ்டைனும் கெய்ல் வான் டெர் ஹூஃபும் சேகரித்த குவில்ட்கள் நியூயார்க்கின் விட்னி கலை அருங்காட்சியகத்தில் ஓவியங்களைப்போலச் சுவரில் தொங்கின. 1976இல் நாடு விடுதலையின் 200ஆம் ஆண்டைக் கொண்டாடியபோது ஊர்தோறும் நினைவுக் குவில்ட்கள் தைக்கப்பட்டன. தைக்கக் கூடியவர்கள் கலையாமல் சங்கமாகத் தொடர்ந்த ஊர்கள் பல. நெப்ராஸ்காவின் லிங்கன் நகரச் சங்கம் 1973இலேயே தொடங்கிவிட்டது.

புதிதாகச் சேர்ந்தவர்களில் பலருக்குத் தையலைக் கற்றுத்தர வீட்டில் ஆளில்லை. வெளியூர் ஆசிரியரை அழைக்க வேண்டும், அவருக்குக் கட்டணமும் பயணச்செலவும் தர வேண்டும், கூடத்துக்கு வாடகை கட்ட வேண்டும். பத்துப் பேரின் சமையலறைச் சந்திப்பால் இதைத் தாங்க முடியாது. நூறு பேரின் சந்தாவால் முடியும். மரச்சட்டத்தின் இடத்தில் சங்கச் சட்டம் வந்தது இப்படித்தான்.

யார் ஆள்கிறார்கள்

பதிவு பெற்ற சங்கத்துக்கு மூன்று நிலை ஆவணங்கள் இருக்கும். மாநில அரசிடம் தாக்கல் செய்யும் பதிவுப் பத்திரம் முதலாவது. நோக்கம், உறுப்பினர் தகுதி, பதவிகள், தேர்தல், கூட்டம் நடக்கத் தேவையான குறைந்தபட்ச உறுப்பினர் எண்ணிக்கை ஆகியவற்றைச் சொல்லும் துணைவிதிகள் இரண்டாவது. விருந்தினர் கட்டணம், நூலக அபராதம், பெயரட்டை மறந்தவர் உண்டியலில் போட வேண்டிய காசு போன்ற அன்றாடச் சங்கதிகளுக்கான நிலை விதிகள் மூன்றாவது. நிலை விதியைச் சாதாரணப் பெரும்பான்மையால் மாற்றலாம். துணைவிதியை மாற்ற முன்னறிவிப்பும் மூன்றில் இரண்டு பங்கு வாக்கும் வேண்டும் என்பது ராபர்ட் விதிகளின் வழி.

தலைவர், துணைத்தலைவர், செயலாளர், பொருளாளர் ஆகிய நால்வரும் செயற்குழுவின் அடிப்படை. துணைத்தலைவர் பதவி பல சங்கங்களில் அலங்காரப் பதவி அன்று. நிகழ்ச்சிப் பொறுப்பு அவரிடம் இருப்பதால், பேச்சாளர்களையும் பயிற்சி ஆசிரியர்களையும் ஓராண்டுக்கு மேல் முன்கூட்டியே ஒப்பந்தம் செய்வார். முன்னாள் தலைவர் ஆலோசகராகச் செயற்குழுவில் தொடர்வதும் உண்டு. காசோலைக்கு இருவர் கையெழுத்து, செயற்குழுவில் இல்லாதவர் செய்யும் ஆண்டுத் தணிக்கை ஆகியவை பொருளாளரையும் சங்கத்தையும் ஒருங்கே காக்கின்றன.

தேர்தல் பெரும்பாலும் போட்டியின்றி முடிகிறது. வேட்பாளர் தேர்வுக் குழு ஒவ்வொரு பதவிக்கும் ஒருவரைக் கண்டுபிடித்து ஒப்புக்கொள்ள வைக்கும். தலைவர் தமக்கு வேண்டியவர்களையே அமர்த்திக்கொள்ளாதிருக்க, அவர் அக்குழுவில் இருக்கக் கூடாது என்கின்றன ராபர்ட் விதிகள். கூட்டத்தில் வேறு பெயர் முன்மொழிய அழைப்பு விடுத்து, எவரும் முன்வராவிட்டால் பட்டியல் அப்படியே நிறைவேறும். பதவிக்கு அடித்துக்கொள்வதைவிட ஆள் கிடைக்காமல் திண்டாடுவதே இச்சங்கங்களின் வழக்கமான சிக்கல். தலைவர் பொறுப்பை இருவருக்குப் பகிர்ந்து கொடுப்பதும், ஒருவர் தொடர்ந்து இருக்கக்கூடிய காலத்துக்கு வரம்பு வைப்பதும் இதைச் சமாளிக்கக் கண்ட வழிகள்.

உறுப்பினர் சேர்க்கை, செய்திமடல், நூலகம், விருந்தோம்பல், அறக்கொடைக் குவில்ட் எனக் குழுக்கள் பிரியும். மாதக் கூட்டம் ஏறத்தாழ ஒரே வரிசையில் நடக்கும்: முந்தைய கூட்டக் குறிப்புக்கு ஒப்புதல், வரவு செலவு அறிக்கை, தீர்மானங்கள், இடைவேளை, விருந்தினர் உரை, கடைசியில் உறுப்பினர்கள் தாங்கள் தைத்து முடித்ததை எடுத்துக் காட்டுவது. பலர் இந்தக் கடைசிப் பகுதிக்காகவே வருகிறார்கள். இருவர் முனைகளைப் பிடித்து விரிக்க, தைத்தவர் அதன் கதையைச் சொல்வார்.

சங்கம் பெரிதாகும்போது, அதற்குள்ளேயே சிறு குழுக்கள் உருவாகி வீடுகளில் கூடுகின்றன. அவற்றுக்குப் பெயர் ‘பீ’. தேர்தலும் நடவடிக்கைக் குறிப்பும் இல்லாத பழைய கூட்டுத் தையல், விதிகளால் ஆன சங்கத்துக்குள் அப்படியே பிழைத்திருக்கிறது.

பணமும் வரியும்

சந்தாவைக் கொண்டு கூடத்தின் வாடகையைச் சமாளிக்கலாம். கண்காட்சி, ஏலம், குலுக்கல் என வரவு கூடும்போது சங்கம் வரித்துறையின் கண்ணில் படுகிறது. 1954 முதல் வருவாய்ச் சட்டத்தில் இருந்துவரும் 501-சி-3 பிரிவு, கல்வி அல்லது அறநோக்கம் கொண்ட அமைப்புகளுக்கு வருமானவரி விலக்கு தருகிறது. குவில்ட் கலையைக் கற்பிப்பதும், மருத்துவமனைகளுக்கும் முன்னாள் படைவீரர்களுக்கும் போர்வை வழங்குவதும் இந்த நோக்கங்களுக்குள் அடங்கும். விலக்குக்கு ஈடாக, சங்கத்தின் நிதி தனிநபர் ஆதாயமாகிவிடக் கூடாது. சங்கம் கலைந்தால் மீதிச் சொத்து இன்னொரு பொதுநல அமைப்புக்கே போக வேண்டும்.

2006இல் வந்த சட்டம் சிறு அமைப்புகளும் ஆண்டுதோறும் ஒரு சுருக்கமான இணையப் படிவம் தாக்கல் செய்ய வேண்டும் என்றது. தொடர்ந்து மூன்று ஆண்டுகள் தவறினால் விலக்கு தானாகவே ரத்தாகும். 2011இல் வெளியான முதல் பட்டியலில் ஏறத்தாழ 2,75,000 அமைப்புகள் விலக்கை இழந்தன. பொருளாளர் மாறும்போது கோப்புகளை எழுத்து மூலம் ஒப்படைக்கும் ஏற்பாடு எவ்வளவு முக்கியம் என்பதை இது காட்டியது.

உறுப்பினர்கள் சேர்ந்து தைத்த ஒரு குவில்ட்டைக் குலுக்கலுக்கு விடுவது பழைய வருமான வழி. ஆனால் குலுக்கல் சீட்டு பல மாநிலங்களில் சூதாட்டச் சட்டத்தின் கீழ் வருகிறது. ‘வாய்ப்புக் குவில்ட்’, ‘நன்கொடைக் குவில்ட்’ என்று சங்கங்கள் பெயர் சூட்டியதற்கு இந்தத் தயக்கமும் ஒரு காரணம். கலிபோர்னியா 2001 ஜூலையிலிருந்து தகுதிபெற்ற பொதுநல அமைப்புகளுக்குக் குலுக்கலை அனுமதித்தது. பதிவு செய்ய வேண்டும், மொத்த வசூலில் 90 சதவீதம் அறப்பணிக்குச் செல்ல வேண்டும் என்பவை நிபந்தனைகள்.

கண்காட்சியும் நேர்மையும்

சங்கத்தின் பெரிய வேலை, ஆண்டுக்கு ஒன்றோ இரண்டாண்டுக்கு ஒன்றோ நடக்கும் கண்காட்சி. அதன் விண்ணப்பப் படிவம் மேல்துணியை இணைத்தவர் யார், அடுக்குகளைத் தைத்தவர் யார், வடிவம் யாருடையது என்று தனித்தனியாகக் கேட்கிறது. இந்தக் கேள்விகள் எழக் காரணமான சிக்கலுக்கு 1933 நல்ல சான்று. சிகாகோ உலகக் கண்காட்சியை ஒட்டி சியர்ஸ் நிறுவனம் நடத்திய போட்டிக்கு ஏறத்தாழ 25,000 குவில்ட்கள் வந்தன. 1,000 டாலர் முதல் பரிசு கென்டக்கியின் மார்கரெட் கேடனுக்குக் கிடைத்தது. அந்தக் குவில்ட் அதிபரின் மனைவி எலினோர் ரூஸ்வெல்ட்டுக்கு அன்பளிப்பாயிற்று. அதில் கேடன் ஒரு தையல்கூடப் போடவில்லை, கூலிக்கு அமர்த்தப்பட்ட பெண்கள் தைத்தார்கள் என்பது ஆய்வாளர்கள் மூலம் பிற்காலத்தில் பரவலாகத் தெரியவந்தது.

கைத்தையலா இயந்திரத் தையலா என்பது அடுத்த சச்சரவு. 1989இல் கென்டக்கியின் படூகா நகரில் நடந்த அமெரிக்கக் குவில்டர் சங்கத்தின் போட்டியில், கேரில் பிரையர் ஃபாலர்ட் இயந்திரத்தில் தைத்த குவில்ட் முதல்முறையாகத் தலைசிறந்த பரிசை வென்றது. ஏற்பும் எதிர்ப்பும் ஒருசேர எழுந்தன. கைத்தையல், வீட்டு இயந்திரம், நீள்கை இயந்திரம் என்று பிரிவுகளை வகுத்து ஊர்ச் சங்கங்கள் இந்த வழக்கைத் தீர்த்துக்கொண்டன. பார்வையாளர் தொடக் கூடாது என்ற விதியைக் காக்க, வெள்ளைக் கையுறை அணிந்த தொண்டர்கள் அரங்கில் நின்று, கேட்பவருக்குப் பின்பக்கத்தைத் திருப்பிக் காட்டுவார்கள்.

சேராதவர்களும் பிரிந்தவர்களும்

விதிப்படி கதவு எல்லாருக்கும் திறந்திருந்தாலும், பெரும்பாலான சங்கங்களில் வெள்ளையினப் பெண்களே நிறைந்திருந்தார்கள். கரோலின் மசலூமி 1985இல் கறுப்பினத் தையற்கலைஞர்களை இணைக்கும் வலையமைப்பைத் தொடங்கினார். 2009இல் லாஸ் ஏஞ்சலிஸில் தோன்றிய மாடர்ன் குவில்ட் கில்டு, எளிய வடிவங்களையும் வெற்றிடத்தையும் விரும்பிய புதிய தலைமுறையைத் திரட்டியது. 2013இல் ஆஸ்டின் நகரில் தனக்கெனத் தேசியக் கண்காட்சி நடத்தும் அளவுக்கு வளர்ந்தது. ஊர்ச் சங்கங்களைக் கிளைகளாகக் கொண்ட அந்த ஏற்பாட்டில் தேசியத் தலைமைக்குக் கூடுதல் இடமுண்டு. பிரிட்டனில் 1979இல் தொடங்கிய குவில்டர் சங்கமும் நாடு தழுவிய ஒரே அமைப்பாகவே இயங்குகிறது. பழைய அமெரிக்கச் சங்கமோ தன் ஊரோடு நின்றுகொள்கிறது; மேலிடம் என்று ஒன்று அதற்குக் கிடையாது.

உறுப்பினர் முதுமையடைந்து, பதவியேற்க ஆளில்லாமல் போகும்போது சங்கம் கலைகிறது. 1970இல் தொடங்கிய தேசிய குவில்டிங் சங்கமே 2015இல் கலைந்தது. உறுப்பினர்களுக்கு முன்னறிவிப்பு, வாக்கெடுப்பு, கடன் அடைப்பு, மீதிப் பணம் இன்னொரு பொதுநல அமைப்புக்கு: முடிவுக்கும் துணைவிதிகளில் ஒரு பிரிவு உண்டு. சங்கம் தொடங்கிய நாளிலேயே எழுதப்பட்ட அந்தப் பிரிவின்படி, கடைசிக் கூட்டக் குறிப்புக்கு ஒப்புதல் தந்து கணக்கு மூடப்படும்.