இயந்திரத்தை ஆங்கிலத்தில் சொல்வது

லோசானில் உள்ள கூட்டாட்சித் தொழில்நுட்பப் பல்கலைக்கழகமான ஈபிஎப்எல்லில் இளநிலைப் படிப்பு பெரும்பாலும் பிரெஞ்சில் நடக்கிறது. முதுநிலை பெரும்பாலும் ஆங்கிலத்தில். எங்கள் பிள்ளைகள் தடுமாறும் படி இதுதான். இயந்திரம் விளங்காமல் அல்ல, விளங்கியதைச் சொல்ல வராமல்.

ஓர் உறுப்பின் வேலையைச் சொல்லப் பிரெஞ்சில் 'பெர்மே து' என்பார்கள். அதை அப்படியே எடுத்து, 'தி வால்வ் அலவ்ஸ் டு கன்ட்ரோல் தி ஃப்ளோ' என்று எழுதிவிடுகிறார்கள். 'அலவ்ஸ்' என்றால் யாரை என்று ஆங்கிலம் கேட்கும். 'தி வால்வ் கன்ட்ரோல்ஸ் தி ஃப்ளோ' என்றாலே போதும்.

எங்கள் தலைமுறையின் பிழை வேறு. 1950இல் கொழும்பில் தொடங்கி 1964இல் பேராதனைக்கு மாறிய பொறியியல் பீடத்தில் படிப்பு ஆங்கிலத்தில். உயர்தரம் வரை தமிழில் படித்தே எங்களவர்கள் அங்கே போனார்கள். 'கைப்பிடியை அமத்தினால் காற்று போகும்' என்பது எங்கள் பேச்சு. அந்தப் 'போகும்' ஆங்கிலத்தில் 'வில் கோ' ஆகிவிடும். எப்போதும் நடப்பதற்கு ஆங்கிலம் நிகழ்காலத்தையே கேட்கிறது: 'தி ஏர் என்டர்ஸ் தி டியூப்'.

வணிகம் படித்த எங்களுக்கு இதில் என்ன வேலை என்பீர்கள். ஐந்தொகையை ஒருமுறை ஆங்கிலத்தில் விளக்கிப் பாருங்கள், தெரியும்.

பிள்ளையிடம் சைக்கிள் பம்பைக் கொடுங்கள். எதற்கு, என்னென்ன பாகம், இழுத்தால் என்ன, அமத்தினால் என்ன என்ற ஒழுங்கில் முதலில் தமிழில் சொல்லட்டும், பிறகு ஆங்கிலத்தில். உள்ளே போன காற்றை எது திரும்பவிடாமல் தடுக்கிறது என்ற இடத்தில் கொஞ்சம் நிற்பார்கள். வால்வு அங்கேதான் வருகிறது.