வெஸ்டர்ன் ஒற்றல்

வெஸ்டர்ன் ஒற்றல் என்பது பல ஆயிரம் புரதங்கள் கலந்த ஒரு மாதிரியில் குறிப்பிட்ட ஒரு புரதம் உள்ளதா என்பதைக் கண்டறியும் ஆய்வக முறை ஆகும். அப்புரதத்தின் மூலக்கூற்று எடையை ஏறத்தாழ மதிப்பிடவும், இரு மாதிரிகளில் எதில் அது கூடுதலாக உள்ளது என்பதை ஒப்பிடவும் இம்முறை உதவுகிறது. இது மூன்று கட்டங்களைக் கொண்டது: புரதங்களை அளவின்படி பிரித்தல், பிரிந்தவற்றை ஒரு மெல்லிய சவ்வுக்கு மாற்றுதல், சவ்வின் மீது எதிர்ப்பொருளைக் கொண்டு தேடுதல். உயிர்வேதியியல், மூலக்கூற்று உயிரியல், உயிர்த்தொழில்நுட்பம் ஆகிய துறைகளில் இது மிகப் பரவலாகப் பயன்படுகிறது. இம்யூனோபிளாட் என்பது இதன் மற்றொரு பெயர்.

இம்முறையின் முடிவு சவ்வின் மீது ஒரு பட்டையாகத் தெரியும். பட்டை தெரிவதனால் மட்டும் தேடிய புரதம் கிடைத்துவிட்டதாகக் கொள்ள இயலாது. எதிர்ப்பொருளின் தனித்தன்மையும் உடன் வைக்கப்படும் கட்டுப்பாட்டு மாதிரிகளுமே அப்பட்டைக்குப் பொருள் தருகின்றன.

பெயர்க்காரணம்

1975 ஆம் ஆண்டில் பிரித்தானிய உயிரியலாளர் எட்வின் சதர்ன், ஜெல்லில் பிரிக்கப்பட்ட டி.என்.ஏ. துண்டுகளை, மை ஒற்றும் தாளில் மை ஏறுவதைப் போல, ஒரு சவ்வுக்கு மாற்றும் முறையை வெளியிட்டார். அது அவர் பெயராலேயே சதர்ன் ஒற்றல் எனப்பட்டது. சதர்ன் என்ற சொல்லுக்கு ஆங்கிலத்தில் 'தெற்கத்திய' என்று பொருள். ஆகவே, 1977 இல் ஆர்.என்.ஏ.வுக்கு இத்தகைய முறை உருவானபோது அது வேடிக்கையாக நார்தர்ன், அதாவது 'வடக்கத்திய' ஒற்றல் எனப்பட்டது. புரதங்களுக்கான முறைக்கு வெஸ்டர்ன், அதாவது 'மேற்கத்திய' என்னும் பெயரை 1981 இல் நீல் பர்னெட் சூட்டினார். அவர் பணியாற்றிய சியாட்டில் நகரம் அமெரிக்காவின் மேற்குக் கரையோரப் பகுதியில் உள்ளது. எனவே இம்மூன்றில் சதர்ன் மட்டுமே ஒருவரின் பெயரைக் குறிக்கும்.

வரலாறு

1970 இல் உல்ரிச் லேம்லி, சோடியம் டோடெசைல் சல்பேட் கலந்த பாலிஅக்ரிலமைடு ஜெல்லில் புரதங்களைத் தெளிவாகப் பிரிக்கும் முறையை வெளியிட்டார். எனினும், ஜெல்லின் நுண்துளைகளுக்குள் எதிர்ப்பொருள் போன்ற பெரிய மூலக்கூறுகள் எளிதில் நுழைவதில்லை. ஆதலால், பிரிந்த பட்டைகளுள் தேடும் புரதம் எது என அறிவது கடினமாக இருந்தது.

1979 இல் இதற்குத் தீர்வு கிடைத்தது. சுவிட்சர்லாந்தின் பாசெல் நகரில் ஹாரி டௌபின், தியோஃபில் ஸ்டேலின், ஜூலியன் கோர்டன் ஆகியோர் மின்புலத்தின் மூலம் புரதங்களை ஜெல்லிலிருந்து நைட்ரோசெல்லுலோஸ் தாளுக்கு மாற்றினர். அதே ஆண்டில் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் ஜார்ஜ் ஸ்டார்க்கின் குழுவினரும் புரதங்களை ஒற்றியெடுக்கும் வேறொரு முறையை வெளியிட்டனர். பர்னெட்டின் 1981 ஆம் ஆண்டுக் கட்டுரை, லேம்லியின் பிரிப்பு முறையையும் மின்புல மாற்றத்தையும் இணைத்தது.

செய்முறை

பிரித்தல்: உயிரணுக்கள் அல்லது திசு சிதைக்கப்பட்டுப் புரதங்கள் கரைசலாக எடுக்கப்படுகின்றன. இக்கரைசலுடன் சோடியம் டோடெசைல் சல்பேட்டும், கந்தகப் பிணைப்புகளை உடைக்கும் மெர்காப்டோஎத்தனால் போன்ற பொருளும் சேர்க்கப்பட்டு, வழக்கமாக 95 பாகை செல்சியசில் சுமார் 5 நிமிடம் சூடாக்கப்படும். புரதங்கள் தம் மடிப்பை இழந்து நீண்ட இழைகளாகின்றன. 1 கிராம் புரதத்துடன் ஏறத்தாழ 1.4 கிராம் சல்பேட்டு ஒட்டிக்கொள்வதால், எல்லாப் புரதங்களும் தம் நீளத்திற்கு ஏற்ற எதிர்மின்னூட்டம் பெறுகின்றன. மின்னழுத்தம் தரப்படும்போது சிறிய புரதங்கள் ஜெல்லினூடே விரைவாகவும் பெரியவை மெதுவாகவும் நேர்மின்முனையை நோக்கி நகர்கின்றன. எடை தெரிந்த புரதங்களின் கலவை ஒன்று அருகில் அளவுகோலாக ஓட விடப்படுகிறது.

மாற்றுதல்: ஜெல்லும் சவ்வும் ஒன்றையொன்று ஒட்டியிருக்குமாறு வடிதாள்களுக்கு இடையே வைக்கப்படுகின்றன. எதிர்மின்முனைப் பக்கம் ஜெல்லும் நேர்மின்முனைப் பக்கம் சவ்வும் இருத்தல் வேண்டும். வரிசை மாறினால் புரதங்கள் சவ்வில் படியாமல் கரைசலுக்குள் சென்றுவிடும். இடையே காற்றுக்குமிழ் இருந்தால் அவ்விடத்தில் புரதம் மாறாது. சவ்வு நைட்ரோசெல்லுலோசாலோ பாலிவினைலிடீன் புளோரைடாலோ ஆனது. மாற்றம் முறையாக நடந்ததா என்பதைப் பொன்சோ எஸ் என்னும் சிவப்புச் சாயத்தால் சரிபார்க்கலாம்.

தடுத்தல்: எதிர்ப்பொருளும் ஒரு புரதமே. ஆதலால் அது சவ்வின் எந்த வெற்றிடத்திலும் ஒட்டக்கூடும். இதைத் தவிர்க்க, கொழுப்பு நீக்கிய பால்மாவின் 5% கரைசலோ மாட்டு ஆல்புமின் கரைசலோ கொண்டு வெற்றிடங்கள் நிரப்பப்படுகின்றன. பாலிலுள்ள கேசீன் பாஸ்பேட்டு ஏற்றப்பட்ட புரதம் ஆகும். ஆகவே பாஸ்பேட்டு ஏற்றத்தைத் தேடும் சோதனைகளில் பால்மாவைத் தவிர்ப்பது வழக்கம்.

தேடுதல்: தேடும் புரதத்துடன் மட்டும் இணையும் முதல்நிலை எதிர்ப்பொருள் முதலில் இடப்படுகிறது. கழுவிய பின், அதனுடன் இணையும் இரண்டாம்நிலை எதிர்ப்பொருள் சேர்க்கப்படுகிறது. பின்னதில் பெராக்சிடேஸ் போன்ற நொதி பிணைக்கப்பட்டிருக்கும். லூமினாலும் ஐதரசன் பெராக்சைடும் சேர்க்கப்பட்டவுடன் நொதி உள்ள இடத்தில் ஒளி உண்டாகும். அவ்வொளி எக்சு-கதிர்ப் படச்சுருளிலோ எண்ணிமப் படக்கருவியிலோ பட்டையாகப் பதிவு செய்யப்படுகிறது.

கட்டுப்பாடுகள்

ஒரு பட்டையை ஏற்றுக்கொள்வதற்கு முன் பின்வருவன சரிபார்க்கப்பட வேண்டும்.

* நேர்க் கட்டுப்பாடு: புரதம் இருப்பது உறுதியான மாதிரி. இதில் பட்டை தெரியாவிடில் செய்முறையில் பிழை உள்ளது.
* எதிர்க் கட்டுப்பாடு: அப்புரதத்திற்கான மரபணு நீக்கப்பட்ட உயிரணுக்களின் மாதிரி. இதிலும் அதே பட்டை தெரிந்தால் எதிர்ப்பொருள் வேறொரு புரதத்துடன் இணைகிறது.
* ஏற்ற அளவுக் கட்டுப்பாடு: எல்லா வரிசைகளிலும் சம அளவு புரதம் இடப்பட்டதைக் காட்ட, ஆக்டின் போன்ற புரதமோ மொத்தப் புரதச் சாயமோ பயன்படுகிறது.

பட்டை எதிர்பார்த்த எடையில் இல்லாதது எப்போதும் பிழை ஆகாது. பி53 என்னும் புற்றுநோய் அடக்கிப் புரதம் ஜெல்லில் 53 கிலோடால்டன் இடத்தில் நின்றதால் அப்பெயர் பெற்றது. அதன் உண்மையான எடை சுமார் 44 கிலோடால்டன் மட்டுமே. அதிலுள்ள புரோலின் மிகுந்த பகுதி அதன் நகர்வை மெதுவாக்குகிறது.

பயன்கள்

உயிர்த்தொழில்நுட்ப ஆய்வில், பாக்டீரியா அல்லது வேறு உயிரணுக்களில் புகுத்தப்பட்ட மரபணு உரிய புரதத்தை முழு அளவில் உருவாக்குகிறதா எனச் சோதிக்க இம்முறை உதவுகிறது. இதற்காகப் பல வேளைகளில் 6 ஹிஸ்டிடின் அமினோ அமிலங்கள் கொண்ட அடையாள வால் புரதத்துடன் இணைக்கப்பட்டு, அவ்வாலுக்கான எதிர்ப்பொருள் பயன்படுத்தப்படும். மரபணு நீக்கம் வெற்றி பெற்றதா என அறியவும் இது பயன்படுகிறது.

மருத்துவத்தில், டுச்சென் தசைநலிவு நோயாளிகளின் தசையில் 427 கிலோடால்டன் எடையுள்ள டிஸ்ட்ரோஃபின் புரதம் ஏறக்குறைய முற்றிலும் இல்லாதிருக்கும். இதைவிடக் கடுமை குறைந்த பெக்கர் தசைநலிவில் அது அளவு குறைந்தோ எடை மாறியோ காணப்படும். இவ்விரண்டையும் வேறுபடுத்த இம்முறை உதவியது.

எச்.ஐ.வி. சோதனையில் பல ஆண்டுகள் இது உறுதிப்படுத்தும் சோதனையாக இருந்தது. இங்குச் செய்முறை தலைகீழானது: வைரசின் புரதங்கள் முன்னரே சவ்வில் உள்ளன, நோயாளியின் குருதியிலுள்ள எதிர்ப்பொருள்களே தேடப்படுகின்றன. சில பட்டைகள் மட்டும் தெரியும்போது முடிவு 'தெளிவற்றது' எனப்படும். அத்தகையோர் விடை தெரியாமல் மறு சோதனைக்குக் காத்திருக்க நேர்ந்தது. தொற்றின் தொடக்க நாள்களில் எதிர்ப்பொருள்கள் போதிய அளவு உருவாகாததால் தொற்று தவறவிடப்படவும் கூடும். அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் 2014 இல் இதற்குப் பதிலாக வேறு சோதனைகளைப் பரிந்துரைத்தது. உலக சுகாதார அமைப்பும் 2019 இல் இம்முறையைக் கைவிடுமாறு பரிந்துரைத்தது.

வரம்புகளும் நம்பகத்தன்மையும்

இம்முறை அரையளவையானது. ஒளிப்பதிவு உச்ச அளவை எட்டிய பின் பட்டையின் கருமை புரத அளவோடு உயர்வதில்லை. அந்நிலையில் செய்யப்படும் ஒப்பீடு செல்லாது. மிகப் பெரிய புரதங்கள் சவ்வுக்கு முழுமையாக மாறுவதில்லை. மிகச் சிறியவை சவ்வின் துளைகளைக் கடந்து சென்றுவிடலாம்.

எதிர்ப்பொருள்களின் தரம் பெருஞ் சிக்கலாக உள்ளது. 2023 இல் வெளியான ஓர் ஆய்வு, 65 புரதங்களுக்கென விற்கப்படும் 614 எதிர்ப்பொருள்களை, மரபணு நீக்கிய உயிரணுக்களைக் கொண்டு சோதித்தது. அவற்றுள் கணிசமானவை தம் இலக்கைச் சரியாகக் காட்டவில்லை. தவறான எதிர்ப்பொருளைக் கொண்டு எழுதப்பட்ட ஒரு கட்டுரையை நம்பி, பிற ஆய்வகங்கள் பல ஆண்டு உழைப்பையும் பொருளையும் இழக்கக்கூடும்.

பட்டைப் படங்களை வெட்டி ஒட்டுவதும் மீண்டும் பயன்படுத்துவதும் அறிவியல் நேர்மைக்கு அறைகூவலாக உள்ளன. எலிசபெத் பிக் உள்ளிட்ட மூவர் 2016 இல் வெளியிட்ட ஆய்வில், 40 இதழ்களின் 20,621 கட்டுரைகளுள் 3.8% கட்டுரைகளில் ஐயத்திற்குரிய முறையில் இரட்டித்த படங்கள் காணப்பட்டன. அவற்றுள் வெஸ்டர்ன் ஒற்றல் படங்களும் அடங்கும். இதன் விளைவாகப் பல ஆய்விதழ்கள், வெட்டப்படாத முழுச் சவ்வின் படத்தையும் கட்டுரையுடன் அளிக்குமாறு கோருகின்றன.