சக்கரத்துக்கு யார் பொறுப்பு?

கோவையிலிருந்து திருச்சி போகிற நெடுஞ்சாலையில், பல்லடம் தாண்டி, காங்கயத்துக்கு முன்னால் வருகிற ஊர் பொங்கலூர். சுற்றிலும் விசைத்தறி, கறிக்கோழிப் பண்ணை, கொஞ்சம் தள்ளினால் பனியன் கம்பெனிகள். இன்றைக்கு அந்தச் சாலையில் கார்களும் கண்டெய்னர் லாரிகளும் பறக்கின்றன. ஒரு காலத்தில் அந்த வட்டாரத்தின் போக்குவரத்தையே சுமந்தவை காங்கயம் காளைகள் பூட்டிய மாட்டு வண்டிகள்.

அந்த வண்டிச் சக்கரத்தைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். நடுவில் குடம். அதிலிருந்து கிளம்பும் ஆரக்கால்கள். அவற்றை வளைத்துப் பிடிக்கும் வட்டை. அதன் மேல், நெருப்பில் பழுக்கக் காய்ச்சி மாட்டிய இரும்புப் பட்டா. உள்ளூர் மரம், உள்ளூர் ஆசாரி. ஓர் ஆரக்கால் ஆட ஆரம்பித்தால், 'ஏனுங்க ஆசாரியாரே, இப்படி ஆடுதே?' என்று நேராகப் பட்டறை வாசலில் போய் நிற்கலாம். ரசீது கிடையாது. கையேடு கிடையாது. 'நிபந்தனைகளுக்கு உட்பட்டது' என்கிற பொடி எழுத்து கிடையாது. செய்தவர் யார் என்று ஊருக்கே தெரியும். அதுதான் வாரன்ட்டி!

இப்போது காருக்கு வாருங்கள். வாங்கும்போதே 'எக்ஸ்டெண்டட் வாரன்ட்டி' என்று ஒரு தொகையைத் தனியாகக் கட்டியிருக்கிறீர்கள். ஒருநாள் அலாய் சக்கரத்தில் ஒரு விரிசல். சர்வீஸ் சென்டருக்குப் போனால் என்ன பதில் வரும்? 'சார், இது பள்ளத்துல இறங்கின அடி. வாரன்ட்டில வராது.' டயர் என்றால் இன்னும் சுலபம். 'டயர் நாங்க பண்றதில்லை சார். டயர் கம்பெனியைக் கேளுங்க.'

'அதை நாங்கள் செய்யவில்லை.' இந்த ஒரு வாக்கியத்துக்கு நூறு வருடத்துக்கும் மேற்பட்ட சரித்திரம் இருக்கிறது. அதன் முக்கியமான கட்டம் ஒரு கார் சக்கரத்தில்தான் நடந்தது.

அதற்கு முன்னால் ஒரு குதிரை வண்டிக் கதையைப் பார்த்துவிடலாம். இடம் இங்கிலாந்து. தபால் வண்டிகளைக் கொடுத்து, பழுது பார்த்துத் தரும் பொறுப்பை ரைட் என்பவர் ஒப்பந்தம் எடுத்திருந்தார். ஒப்பந்தம் யாரோடு? தபால் துறைத் தலைவரோடு. வண்டியை ஓட்டியவர் வின்டர்பாட்டம். அவரை வேலைக்கு வைத்தது வேறொரு ஒப்பந்தக்காரர். பழுதான வண்டி வழியில் உடைந்து, வின்டர்பாட்டம் தூக்கி எறியப்பட்டு முடமானார். ரைட் மீது வழக்குப் போட்டார்.

1842-ல் தீர்ப்பு வந்தது. 'உனக்கும் ரைட்டுக்கும் ஒப்பந்தம் இருக்கிறதா? இல்லை. அப்படியானால் வழக்கும் இல்லை.' அவ்வளவுதான். இதை அனுமதித்தால் சாலையில் போகிறவர் வருகிறவர் எல்லாம் வழக்குப் போட ஆரம்பித்துவிடுவார்கள் என்று நீதிபதிகள் பயந்தார்கள். காசு கொடுத்து யாரிடம் வாங்கினாயோ அவரிடம் மட்டும் கேள் என்கிற இந்த விதி, பொருள் செய்கிறவர்களுக்குக் கோட்டைச் சுவராக அமைந்தது. விஷம், வெடிமருந்து மாதிரி இயல்பிலேயே ஆபத்தான சரக்குகளுக்குத்தான் விலக்கு.

சுவர் எழுபது வருடங்களுக்கு மேல் நின்றது. அதற்குள் கார் வந்துவிட்டது.

அமெரிக்காவின் நியூயார்க் மாகாணத்தில் கால்வே என்று ஒரு சின்ன ஊர். அங்கே டொனால்ட் மெக்ஃபர்சன் என்று ஒரு கல் தச்சர். கல்லறைக் கற்கள் செதுக்குவது தொழில். 1910-ல் பக்கத்து நகரமான ஸ்கெனெக்டடியில் ஒரு டீலரிடம் ப்யூக் கார் வாங்கினார். 1911 ஜூலையில் அதை ஓட்டிக்கொண்டு போகும்போது கார் திடீரென்று குப்புறச் சரிந்தது. மெக்ஃபர்சன் வெளியே வீசப்பட்டுக் காயம்பட்டார். காரணம், ஒரு சக்கரம். அந்தக் காலத்துக் கார்களுக்கு மரச் சக்கரம்தான். அதன் ஆரக்கால்கள் தூள் தூளாக நொறுங்கிக் கிடந்தன. மரமே சரியில்லை.

மெக்ஃபர்சன் ப்யூக் கம்பெனி மீது வழக்குப் போட்டார். கம்பெனி இரண்டு பதில் வைத்திருந்தது. ஒன்று, 'நீ டீலரிடம் வாங்கினாய். எங்களிடம் இல்லை.' இரண்டு, 'சக்கரத்தை நாங்கள் செய்யவே இல்லை. அது இம்பீரியல் வீல் கம்பெனியிடம் வாங்கியது.' பொய் இல்லை. ஃப்ளின்ட் நகரத்து இம்பீரியல் கம்பெனி நல்ல பெயர் எடுத்த நிறுவனம். ப்யூக்குக்கு 80,000 சக்கரங்கள் கொடுத்திருக்கிறது. அதற்கு முன்னால் இப்படி மரக் கோளாறு வந்ததே இல்லை என்றது எதிர்த் தரப்பு.

இந்த இடத்தில் ஒரு நிமிஷம் திருப்பூருக்கு வந்துவிட்டுப் போகலாம். ஒரு டி-ஷர்ட் எத்தனை கை மாறுகிறது? நூல் ஒரு மில்லில். நிட்டிங் ஒருவர். டையிங் இன்னொருவர். காம்பாக்டிங், பிரிண்டிங், எம்ப்ராய்டரி என்று ஒவ்வொன்றும் ஒவ்வொரு ஜாப் ஒர்க் யூனிட். கடைசியில் எக்ஸ்போர்ட் கம்பெனி பெயரில் பெட்டி கப்பலேறுகிறது. அங்கே போய்ச் சாயம் இறங்கினால் ஜெர்மனிக்காரர் டையிங் யூனிட்டுக்கா போன் போடுவார்? எக்ஸ்போர்ட்டரின் பில்லில்தான் கை வைப்பார். 'சாயம் நான் போடலைங்க' என்று எக்ஸ்போர்ட்டர் சொல்லிப் பார்க்கலாம். எடுபடாது. 'செக்கிங் நீதானே பண்ணி அனுப்பினே?' என்பார்.

இதே கேள்வியைத்தான் நியூயார்க் மேல்முறையீட்டு நீதிமன்றத்தின் நீதிபதி பெஞ்சமின் கார்டோசோ கேட்டார். தேதி 14 மார்ச் 1916. சக்கரம் வேறொருவர் செய்தது, சரி. ஆனால் முழுக் காராகப் பூட்டி விற்றது யார்? நீங்கள். ஒழுங்காகப் பரிசோதித்திருந்தால் குறை தெரிந்திருக்குமா? தெரிந்திருக்கும். பரிசோதித்தீர்களா? இல்லை. அப்படியானால் பொறுப்பு உங்களுடையது.

'டீலரிடம் மட்டுமே எங்களுக்குக் கடமை' என்ற வாதத்தை அவர் பிரித்து மேய்ந்த விதம் ரசிக்கத்தக்கது. டீலர் காரை வாங்குவது விற்பதற்கு. அதில் ஏறிப் போகப் போவதில்லை என்று நிச்சயமாகச் சொல்லக்கூடிய ஒரே ஆள் அவர்தான். அவரை மட்டும்தான் சட்டம் காப்பாற்ற வேண்டுமா என்று கேட்டார். குதிரை வண்டிக் காலத்துத் தீர்ப்புகள் இன்றைய பயணத்துக்குப் பொருந்தாது என்றார். தலைமை நீதிபதி பார்ட்லெட் மட்டும் மாறுபட்டார். பழைய விதிப்படி பார்த்தால் அவர் சொன்னதும் தப்பில்லை. ஆனால் தோற்றது பழைய விதி. மெக்ஃபர்சனுக்கு ஐயாயிரம் டாலருக்குக் கொஞ்சம் மேல் நஷ்ட ஈடு உறுதியானது.

ஒன்றைக் கவனியுங்கள். மெக்ஃபர்சனுக்குக் கிடைத்தது காயத்துக்கான காசு. சட்டம் முதலில் பொறுப்பேற்க வைத்தது உடைந்த உடம்புக்கு. உடைந்த சக்கரத்துக்கு? அது அப்போதும் ஒப்பந்தத்தின் பாடு. அந்த ஒப்பந்தத்தைக் கம்பெனிகள் கெட்டியாகப் பிடித்துக்கொண்டன. பொறுப்பிலிருந்து தப்பிக்க அவர்கள் கண்ட அடுத்த ஆயுதத்தின் பெயர் என்ன தெரியுமா? வாரன்ட்டி!

ஆச்சரியமாக இருக்கிறதா? 1955 மே மாதம். நியூஜெர்சியில் கிளாஸ் ஹென்னிங்ஸன் என்பவர் அன்னையர் தினப் பரிசாக மனைவிக்கு ஒரு பிளிமத் கார் வாங்கினார். பத்தே நாள். 468 மைல்தான் ஓடியிருந்தது. மனைவி ஓட்டிப் போகும்போது ஸ்டியரிங் கைக்குள்ளேயே சுழன்று, கார் ஒரு சுவரில் போய் மோதியது. வாரன்ட்டியைப் பிரித்துப் பார்த்தார்கள். 90 நாள் அல்லது 4,000 மைல். குறையுள்ள பாகத்தை மட்டும் மாற்றித் தருவோம். வேறு எந்த உத்தரவாதமும் கிடையாது. பின்பக்கத்தில், பொடி எழுத்தில். வேறு கம்பெனிக்குப் போகலாமே என்றால், பெரிய கம்பெனிகள் எல்லாருக்கும் அதே வாசகம்தான். கார் தயாரிப்பாளர் சங்கமே எழுதிக்கொடுத்த மாதிரிப் படிவம்.

அதாவது, வாரன்ட்டி என்பது கம்பெனி நமக்குத் தரும் வரம் மாதிரித் தெரியும். உண்மையில், 'இதற்கு மேல் கேட்காதே' என்று போட்ட வேலி. 1960-ல் நியூஜெர்சி உச்ச நீதிமன்றம் அந்த வேலியைப் பிடுங்கி எறிந்தது. பேரம் பேசவே வழியில்லாத வாடிக்கையாளரிடம் இப்படி எழுதி வாங்குவது செல்லாது என்றது.

சரி, நம் ஊர்? பி.காம். படித்தவர்களுக்கு மெர்க்கன்டைல் லா வகுப்பு ஞாபகம் இருக்கும். 1930-ம் வருடத்துச் சரக்கு விற்பனைச் சட்டம், 12-வது பிரிவு. 'கண்டிஷன்' வேறு, 'வாரன்ட்டி' வேறு. கண்டிஷன் மீறப்பட்டால் சரக்கையே திருப்பித் தரலாம். வாரன்ட்டி மீறப்பட்டால் நஷ்ட ஈடுதான் கேட்கலாம், சரக்கைத் திருப்ப முடியாது. பரீட்சைக்காக மனப்பாடம் செய்த இந்த வித்தியாசம், காரை வாங்கிய பிறகுதான் உறைக்கும்!

1986-ல் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் வந்தது. டிசம்பர் 24 அன்று ஜனாதிபதி ஒப்புதல் கிடைத்தது. அதனால்தான் அது இன்றும் தேசிய நுகர்வோர் தினம். சிவில் கோர்ட் படியேறி இளைக்காமல் கேள்வி கேட்க ஓர் இடம் கிடைத்தது. ஆனால் வாரன்ட்டியின் எல்லை அங்கும் வந்து நின்றது. 2006-ல் மாருதி உத்யோக் வழக்கு ஒன்றில், காரையே மாற்றித் தரச் சொன்ன உத்தரவை உச்ச நீதிமன்றம் ஏற்கவில்லை. குறையுள்ள பாகத்தைச் சரிசெய்வோம் அல்லது மாற்றித் தருவோம் என்றுதான் வாரன்ட்டி சொல்கிறது. ஆகவே பாகம் கிடைக்கும், முழுக் கார் கிடைக்காது. 2010-ல் ஃபியட் கார் வழக்கில் இன்னொரு வாசலைத் திறந்துவிட்டது. சுயேச்சையான தொழில்நுட்ப நிபுணர் பார்த்து, இது தயாரிப்பிலேயே உள்ள கோளாறு என்று சொன்னால், பணம் வட்டியோடு திரும்ப வேண்டும் என்றது.

2020 ஜூலையில் அமலுக்கு வந்த புதிய நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் 'பொருள் பொறுப்பு' என்று ஓர் அத்தியாயமே இருக்கிறது. பொருளால் தீங்கு நேர்ந்தால் செய்தவர், விற்றவர், சர்வீஸ் செய்தவர் மூவரையும் கேள்வி கேட்கலாம். கார்டோசோ ஒரு சக்கரத்துக்காகச் சொன்னது, இங்கே சட்டப் புத்தகத்தில் ஏறுவதற்கு நூறு வருடம் பிடித்திருக்கிறது.

இதில் பொங்கலூர்க்காரருக்கு ஒரு நல்ல சேதி உண்டு. கார் எங்கே வாங்கியிருந்தாலும், கம்பெனி தலைமையகம் எங்கே இருந்தாலும், குடியிருக்கும் இடத்திலேயே புகார் கொடுக்கலாம். திருப்பூர் மாவட்ட நுகர்வோர் ஆணையம் போதும். ஐந்து லட்சம் ரூபாய் வரை கொடுத்து வாங்கியதற்குக் கட்டணமே இல்லை. பத்து லட்சம் வரை 200 ரூபாய். பிரச்னை எழுந்து இரண்டு வருடத்துக்குள் போக வேண்டும், அதுதான் முக்கியம்.

'எங்க கார் கம்பெனி பேர்ல இருக்குங்களே, அது வியாபாரக் கணக்கில் போயிடாதா?' என்று பனியன் கம்பெனிக்காரர் கேட்கலாம். நியாயமான சந்தேகம். வணிக நோக்கத்துக்கு வாங்கியவர் நுகர்வோர் இல்லை என்பது சட்டம். ஆனால் கம்பெனி பெயரில், டைரக்டர்கள் சொந்தமாகப் பயன்படுத்த வாங்கிய கார்கள் அந்தக் கணக்கில் வராது என்று 2024 ஜூலையில் டெய்ம்லர் கிரைஸ்லர் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

இனி அந்த விரிசல் விட்ட சக்கரம். எக்ஸ்டெண்டட் வாரன்ட்டி என்பது கார் கம்பெனி இலவசமாகத் தரும் முதல் வாரன்ட்டியின் வால் அல்ல. காசு கொடுத்து வாங்கும் தனி ஒப்பந்தம். எந்தெந்தப் பாகம் சேர்த்தி, எது விலக்கு என்று அதில் பட்டியல் இருக்கும். டயர், பிரேக் பேட் மாதிரித் தேய்கிற சாமான்கள் வழக்கமாக விலக்கில் இருக்கும். பணம் கட்டுவதற்கு முன்னால் பார்க்க வேண்டியது அந்த விலக்குப் பட்டியலைத்தான். பட்டியலில் சக்கரம் இருக்கிறது, ஆனாலும் மறுக்கிறார்கள் என்றால், சண்டை ஒரே கேள்வியில் வந்து நிற்கும். விரிசல் வார்ப்பில் வந்ததா, பள்ளத்தில் வந்ததா?

ப்யூக் வழக்கும் சரி, ஃபியட் வழக்கும் சரி, திரும்பியது இந்த மாதிரி இடத்தில்தான். நிபுணர் பார்த்துச் சொல்வதற்குப் பொருள் கையில் இருக்க வேண்டும். சோதனைச் சாலைக்கு அனுப்பச் சொல்லி ஆணையத்தைக் கேட்கலாம், சட்டத்தில் அதற்கு வழி இருக்கிறது. அதனால், 'வாரன்ட்டில வராது சார்' என்று வாயால் சொன்னால், 'சரிங்க, எதனால வராதுன்னு ஜாப் கார்டிலேயே எழுதிக் கொடுத்துடுங்க' என்று கேளுங்கள். விரிசலைப் படம் பிடித்துக்கொள்ளுங்கள். சொந்தக் காசில் புதுச் சக்கரம் மாட்டினாலும், பழையதை அங்கேயே விட்டுவிட்டு வராதீர்கள். டிக்கியில் போட்டு வீட்டுக்கு எடுத்து வாருங்கள்.