கொக்கல - பேர்த் வான்வழி: தூரமும் நேரமும்

1942 பெப்ரவரி 15இல் சிங்கப்பூர் வீழ்ச்சியுற்றபோது இங்கிலாந்தையும் அவுஸ்திரேலியாவையும் இணைத்திருந்த வான்வழியும் அறுந்தது. இடைத் தரிப்பிடங்கள் யப்பானியர் வசமாயின. எஞ்சியது இந்து சமுத்திரம். அதனை எங்கும் தரியாது கடத்தல் வேண்டும். 1943இல் குவாண்டாஸ் நிறுவனம் இப்பணியை மேற்கொண்டது. காலிக்கு அண்மையிலுள்ள கொக்கல வாவியும் பேர்த் நகரின் சுவான் ஆறும் இரு முனைகளாயின. கொக்கலவில் விமானத்தளம் அமைந்தமையால் அவ்வூர் மக்கள் பலர் தம் இல்லங்களை விட்டு வெளியேற நேர்ந்ததென்பதும் இவ்வரலாற்றின் ஒரு பகுதியே. சிங்கள எழுத்தாளர் மார்ட்டின் விக்கிரமசிங்க பிறந்த ஊர் அது.

இவ்விரு முனைகளுக்கிடையேயான தூரத்தைக் கணித்தல் கடினமன்று. கொக்கல வட அகலக்கோடு 6 பாகையிலும், பேர்த் தென் அகலக்கோடு ஏறத்தாழ 32 பாகையிலும் உள்ளன. நெடுங்கோட்டு வேறுபாடு ஏறத்தாழ 35½ பாகை. கோளத் திரிகோண கணித விதிப்படி புவி மையத்தில் இவை அமைக்கும் கோணம் ஏறத்தாழ 50.85 பாகையாகும். பெருவட்டத்தின் ஒரு பாகை 60 கடல் மைல். எனவே தூரம் ஏறத்தாழ 3,050 கடல் மைல், அதாவது 5,650 கிலோமீற்றர். வடதுருவத்தை அண்டிச் செல்லும் வழிகளிற் பெருவட்டப் பாதைக்கும் மேர்க்கேற்றர் படத்தின் நேர்கோட்டிற்கும் பெரும் வேறுபாடுண்டு. இவ்வழியோ மத்திய கோட்டைக் குறுக்காகக் கடப்பதால் வேறுபாடு சில மைல்களே.

நேரத்தைக் கணித்தலே உண்மையான இடர். கற்றலீனா விமானத்தின் பயண வேகம் மணிக்கு ஏறத்தாழ 110 கடல் மைல். காற்று அசையாதிருப்பின் 28 மணித்தியாலத்திற்குச் சற்றுக் குறைவாகப் பயணம் முடியும். எதிர்க்காற்று 15 கடல் மைல் வேகத்தில் வீசின், தரைவேகம் 95 ஆகக் குறைந்து, பயணம் 32 மணித்தியாலத்தைத் தாண்டும். பதிவான மிக நீண்ட பறப்பு 32 மணி 9 நிமிடம் என்பதை இக்கணக்கோடு ஒப்பிட்டு நோக்குதல் பொருத்தமாகும். இவ்வளவு நேரத்துக்கு வேண்டிய எரிபொருளைச் சுமக்க மேலதிக தாங்கிகள் பொருத்தப்பட்டன. பயணிகளுக்குக் கிடைத்தவை மூன்று ஆசனங்கள் மாத்திரமே. தபாலுக்கு 69 கிலோகிராம். பாதி வழி சென்றபின் திரும்புவதா, தொடர்வதா என்பதை மீதி எரிபொருளும் காற்றும் தீர்மானித்தன. திரும்ப முடியாத எல்லை நடுக்கடலில் அமைந்தமையின், அதனைத் தவறாகக் கணித்தவருக்கு மாற்றுத் தளம் எதுவுமில்லை.

இவற்றோடு இன்னொரு நிபந்தனையும் சேர்ந்தது. யப்பானிய விமானங்கள் உலாவிய பகுதியை இருளிற் கடத்தல் வேண்டும். ஆயுதமற்ற அவ்விமானங்களுக்கு இருளே காவல். ஆகவே எத்தனை மணிக்குச் சேர்வது என்பதைவிட, அப்பகுதியை எத்தனை மணிக்கு அடைவது என்பதே புறப்படும் வேளையை நிர்ணயித்தது. வானொலியும் மௌனம் காத்தது. வழியறிவோன் விண்மீன்களை அளந்தே தன் இருப்பிடத்தைக் கண்டான். ஐந்து விமானங்களும் விண்மீன்களின் பெயர் பெற்றமை வெறும் அலங்காரமன்று எனலாம். ஒரே பயணத்தில் இரு சூரியோதயங்கள் தோன்றியமையால் இச்சேவை 'இரட்டைச் சூரியோதயம்' எனப் பெயர் பெற்றது. பயணிகளுக்கு இதற்கென ஒரு சான்றிதழும் வழங்கப்பட்டது.

1944இல் இரத்மலானைக்குப் பறக்கத் தொடங்கிய லிபரேற்றர் விமானங்கள் வேகம் மிக்கவையாதலின் பயணநேரத்தைப் பெரிதும் குறைத்தன. கற்றலீனா சேவை 1945 யூலையில் நின்றது. அதுவரை 271 தடவை சமுத்திரம் கடக்கப்பட்டும் ஒரு பயணியேனும் உயிரிழக்கவில்லை. அமெரிக்காவுடனான கடன் - குத்தகை ஒப்பந்த நிபந்தனைகளுக்கிணங்க, அவ்வைந்து விமானங்களும் போரின் பின் அவுஸ்திரேலியக் கரைக்கப்பால் கடலில் மூழ்கடிக்கப்பட்டன.