ஜுபைதாவின் கால்வாயும் அதைத் தூர்வாரியவர்களும்

இறைத்தூதர் (ஸல்) அவர்கள் ஹிஜ்ரத் செய்து மதீனா வந்தபோது அவ்வூரில் கிணறுகள் இருந்தன. குடிக்க இனிய நீர்தான் அரிதாயிருந்தது. ரூமா கிணற்று நீர் நன்னீர். ஆனால் அதன் உரிமையாளர் விலைக்கே கொடுத்தார். அதனை வாங்கித் தம் வாளியையும் மற்ற முஸ்லிம்களின் வாளிகளுக்குச் சமமாக்குபவர் யார் என்று நபியவர்கள் கேட்டார்கள். உஸ்மான் (ரழி) அவர்கள் வாங்கிப் பொதுவுக்கு விட்டார்கள். கொடுத்த விலை பற்றிய அறிவிப்புகள் வேறுபடுகின்றன. நிபந்தனையில் வேறுபாடில்லை: பணம் கொடுத்தவருக்கும் வரிசையில் முன்னிடம் கிடையாது.

இச்சம்பவத்தை நம் மிம்பர்களில் அடிக்கடி கேட்கிறோம். நன்னீரை ஏற்படுத்திய பிறகு அது ஆண்டாண்டாகத் தூய்மையாக ஓடுவதற்கான செலவை யார் ஏற்பது என்ற கேள்வி அவ்வளவாகக் காதில் விழுவதில்லை. அதற்கு மக்காவின் வரலாற்றைத்தான் புரட்ட வேண்டும்.

கலீஃபா ஹாரூன் ரஷீதின் துணைவியார் ஜுபைதா ஹஜ்ஜுக்கு வந்த காலத்தில் மக்காவில் ஒரு தோல்பை நீர் ஒரு தீனாருக்கு விற்றதாக வரலாற்றாசிரியர்கள் எழுதுகிறார்கள். ஹுனைன் பகுதி ஊற்றுகளிலிருந்து மக்காவுக்கும், நுஃமான் பள்ளத்தாக்கிலிருந்து அரஃபாவுக்கும் நீர் கொண்டுவர அவர் செலவிட்டது 17 லட்சம் தீனார் என்கிறார் மஸ்ஊதி. பணி முடிந்ததும் கணக்கேடுகளைத் திஜ்லா நதியில் எறிந்துவிடச் சொன்னார் என்றொரு கதையும் வழங்குகிறது. தம் சொந்தப் பொருளைக் கொடுத்தவருக்கு அது அழகுதான்; வக்ஃபுச் சொத்தைக் கையாளும் முத்தவல்லி எவரும் அதை முன்மாதிரியாகக் கொள்ளாதிருப்பாராக.

கால்வாய் நிலத்தின் சரிவைக் கொண்டே ஓடியது. கல்லால் கட்டி மேலே மூடியிருந்தார்கள். ஆகவே வெயிலும் புழுதியும் கால்நடைகளும் நீரைத் தொடவில்லை. இடையிடையே இறங்கித் தூர்வாரக் கிணறு போன்ற வாயில்கள் இருந்தன. இந்த அமைப்பின் உயிர் அந்த வாயில்களில் இருந்தது. மழை வெள்ளம் மண்ணையும் கல்லையும் தள்ளிவிடும்போது இறங்கி வாருவதற்குக் கூலி கொடுக்க ஆளில்லையேல் ஊற்றில் நீர் இருந்தும் ஊரில் நீர் இராது. அப்படித்தான் பலமுறை நடந்தது. இர்பிலின் அதிபதி முழஃப்பருத்தீன், ஹிஜ்ரி 726இல் மங்கோலிய அமீர் சூபான் எனக் கொடையாளர் ஒவ்வொருவராக வந்து திறந்துவிட்டனர். காலம் சென்றதும் மீண்டும் அடைபட்டது.

உஸ்மானிய சுல்தான் சுலைமானின் மகள் மிஹ்ரிமா 16ஆம் நூற்றாண்டில் பொறுப்பேற்ற பணியை விரிவாக எழுதிவைத்தவர், குஜராத் பூர்வீகம் கொண்ட மக்கா அறிஞர் குத்புத்தீன் நஹ்ரவாலி. அரஃபா வழியாக வரும் கால்வாய் நிலத்தடியில் மக்கா வரை செல்கிறது, தூர்வாரினால் போதும் என்றே எல்லோரும் எண்ணியிருந்தனர். தோண்டிப் பார்த்தால் அது ஒரு பெருங்கிணற்றோடு நின்றுபோயிருந்தது; அப்பால் கரும்பாறை. பாறைமேல் விறகை அடுக்கி இரவெல்லாம் எரித்து, வெடித்த அளவுக்குப் பெயர்த்தெடுத்தார்கள். சுற்றியிருந்த மலைகளில் விறகு தீர்ந்து தொலைவிலிருந்து கொண்டுவர நேர்ந்தது. விரைவில் முடியும் என்று தொடங்கிய வேலை சுமார் பத்தாண்டு நீண்டது. ஹிஜ்ரி 979இல் நீர் மக்காவுக்குள் வந்தது. இடையில் கைவிட்டிருந்தால் எவரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். அரச கருவூலம் கைவிடவில்லை. ஜுபைதாவின் பெயரைத் தம் பெண்மக்களுக்கு வைக்கும் நம் குடும்பங்களில் மிஹ்ரிமாவை அறிந்தோர் எத்தனை பேர்?

1865ஆம் ஆண்டு ஹஜ்ஜில் காலரா பரவியது; இறந்த ஹாஜிகள் 15,000 பேர் வரை என மதிப்பிடப்படுகிறது. அடுத்த ஆண்டே கான்ஸ்டான்டிநோபிளில் சர்வதேச சுகாதார மாநாடு கூடியது. காலராவுக்கும் அசுத்த நீருக்கும் உள்ள தொடர்பை லண்டனில் ஜான் ஸ்னோ 1854இலேயே காட்டியிருந்தாலும் கிருமி அப்போது உறுதிப்படவில்லை. வல்லரசுகளின் பேச்சு பெரும்பாலும் தடுப்புக்காவல் நிலையங்களைச் சுற்றியே இருந்தது. ஹாஜி எந்த நீரைக் குடிக்கிறார் என்ற கேள்விக்கு அதில் விடையில்லை.

1870களின் இறுதியில் மக்காவில் ஜுபைதா கால்வாய்க்கென ஒரு குழு அமைந்தது. இந்திய முஸ்லிம்கள் நன்கொடை திரட்டி அனுப்பினர். இம்முறை ஓர் அரசியின் பெருங்கொடை இல்லை. பலரின் சிறுதொகைகள் ஒரு பொறுப்புள்ள குழுவின் கையில் சேர்ந்தன. என் கருத்தில் இந்நெடுவரலாற்றில் மிக முதிர்ந்த ஏற்பாடு இதுவே. இன்று நாம் ஸதகதுல் ஜாரியா என்று ஆழ்குழாய்க் கிணறு போட்டுப் பெயர்ப்பலகை வைக்கிறோம். மோட்டார் பழுதுக்கும், தொட்டி கழுவுவதற்கும், நீரைப் பரிசோதிப்பதற்கும் ஒரு தொகையை ஒதுக்கிக் கொடுப்போர் சிலரே.

இப்போது மக்காவுக்குச் செங்கடற்கரையின் ஷுஐபாவிலிருந்து உப்பு நீக்கிய நீர் குழாய்களில் வருகிறது. அரசு செலவில் நடக்கும் பணி அது. அரஃபாவிலிருந்து முஸ்தலிஃபா செல்லும் வழியில் மலையடிவாரத்தைப் பார்க்கும் ஹாஜிகளுக்குப் பழைய கற்கால்வாய் இன்றும் தென்படும்.