கண் எரிச்சல், வாய் வறட்சி... இரைப்பைப் புற்றுநோயோடு என்ன தொடர்பு? ஆரணி நெசவாளர்கள் தெரிஞ்சுக்க வேண்டியவை

ஆரணியில் நாள் முழுக்க தறியில் உட்கார்ந்து ஜரிகையைப் பார்ப்பவர்களுக்கு கண் எரிந்தால், "வேலை அப்படி"ன்னு விட்டுடுவோம். ஆனா கண்ணில் மண் விழுந்த மாதிரி உறுத்தலும், தண்ணீர் இல்லாம சோறு இறங்காத அளவுக்கு வாய் வறட்சியும் 3 மாதத்துக்கு மேல் நீடித்தால், அது ஷோக்ரென் நோயாக இருக்கலாம்.

அது என்ன நோய்?
உடலின் எதிர்ப்பு சக்தியே கண்ணீர், உமிழ்நீர் சுரப்பிகளைத் தாக்குவது. 1933-ல் சுவீடன் கண் மருத்துவர் ஹென்ரிக் ஷோக்ரென் இதை விவரித்தார். பெண்களுக்கே அதிகம் வரும். தொற்றாது.

புற்றுநோய் எப்படி வருகிறது?
ஓயாமல் தூண்டப்படும் வெள்ளை அணுக்கள், 100 பேரில் சுமார் 5 பேருக்கு நிணநீர்ப் புற்றுநோயாக மாறலாம். பெரும்பாலும் உமிழ்நீர் சுரப்பியில் வரும், அரிதாக இரைப்பையில். அதன் பெயர் 'மால்ட் லிம்போமா'.

குணமாகுமா?
மெதுவாக வளரும் புற்றுநோய் இது. இரைப்பையில் ஹெலிகோபாக்டர் பைலோரி கிருமி இருந்தால், ஆரம்பத்திலேயே ஆன்டிபயாட்டிக் கொடுத்தாலே பலருக்கு கட்டி கரைந்துவிடும். ஷோக்ரென் உள்ளவர்களுக்கு அது மட்டும் போதாமல் போகலாம். அப்போது கதிர்வீச்சு, ஊசி மருந்து உண்டு.

எப்போது டாக்டரைப் பார்க்கணும்?
காதோரம் குறையாத வீக்கம், காரணமில்லாத எடைக் குறைவு, தொடர் வயிற்று வலி, கறுப்பு மலம் இருந்தால் உடனே. அசிடிட்டி மாத்திரை போட்டு நாளைத் தள்ளாதீங்க. எண்டோஸ்கோபியில் சதை எடுத்துப் பார்த்தால்தான் உறுதியாகும். பக்கத்தில் வேலூர் சி.எம்.சி.யில் இந்நோய்களுக்குத் தனிப் பிரிவே இருக்கிறது.